விளிம்பில் ஒரு சாண் இடம்

கருக்கம்புதூருக்குக் கிழக்கே முன்பு ஒரு ரோடு இருந்தது, ரோட்டின் மேல் டவுன் பஸ் இருந்தது, பஸ்ஸுக்குள் பக்கத்து ஊருக்குப் போகிற நம்மவர்களும் நம் ஊருக்கு வருகிற பக்கத்து ஊர்க்காரர்களும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு வைகாசி மாதத்தில் மில் சங்கு ஊதி ஊர் கண்விழித்துப் பார்த்தபோது, லாரிகளை எடை போடும் எடைமேடைக்கு அப்பால் இருந்தது எதுவும் இல்லாமல், ரம்பம் வைத்து அறுத்த பிளைவுட் பலகையைப் போல ஊர் அந்த இடத்தோடு நேர்க்கோட்டில் முடிந்திருந்தது. எட்டிப் பார்த்தால் வெகு கீழே சாம்பல் நிறத்தில் ஒரு சிமெண்ட் தரை தெரிந்தது. அதைக் கூட்டி ரொம்ப நாளாகியிருக்கும் என்று பெண்கள் சொன்னார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டதற்குக் கவுன்சிலர், இது போன கவுன்சிலர் காலத்து வேலை என்றார். போன கவுன்சிலர், என் காலத்தில் ஊர் முழுசாகத்தான் இருந்தது என்றார். தாலுகா ஆபீஸிலிருந்து வந்த சர்வேயர் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு, அளவு சரியாக இருக்கிறது, ஊர்தான் குறைகிறது என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டுப் போனார். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு, எது வந்தாலும் அது எதற்கு வந்தது என்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், அதன் பக்கத்தில் ஒரு டீக்கடை போட இடம் கிடைக்குமா என்று கேட்பார்கள். டீக்கடை வந்தது, கிட்டுசாமி டீ மாஸ்டர் ஆனார். அடுத்து ‘விளிம்பு பார்த்த மனைகள்’ என்று பிளக்ஸ் வந்தது. வாசலுக்குக் கிழக்கே எதுவுமே இல்லாமலிருப்பது வாஸ்துப்படி விசேஷம் என்று யாரோ சொல்லி வைக்க, மனை விலை ஏறி, கல்யாண ஜோடிகள் வந்து ஆகாயத்தைப் பின்னால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

விளிம்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. உடம்பில் பாதிக்குக் குறைவாக வெளியே நீட்டிய எதுவும் விழவில்லை. முன்னங்கால் இரண்டையும் வெறும் காற்றில் ஊன்றி எருமைகள் நிம்மதியாக அசைபோட்டன. பாதிக்கு மேல் போனது எதுவும் விழவும் இல்லை, நிற்கவும் இல்லை, காணாமல் போனது. இதை ஊர் புரிந்துகொண்டது ஒரு ஆட்டினாலும் ஒரு நாயினாலும்தான். தியேட்டர் வாசலில் படுத்துக் கிடக்கும் செவலை நாய் ஒரு வெள்ளாட்டைத் துரத்த, ஆடு தலைதெறிக்க ஓடி விளிம்புக்கு வெளியே போக, நாயும் அதே வேகத்தில் வெளியே போனது. மறுநாள் காலை சங்கு ஊதியபோது நாய் மட்டும் போன இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. ஆடு வரவேயில்லை. ஆட்டுக்காரர் நாயைப் பார்த்து அழுதார், நாய் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

இந்தச் செய்தி பல் டாக்டர் தெய்வசிகாமணியின் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒருவரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். குறடும் கையுமாக எழுந்து நின்று, “ஏனுங்க, இது நம்ம ரூலுங்க” என்றார்.

நம்ம ரூல் என்று அவர் சொன்னது மேசைப்போர் நற்பணி மன்றத்தின் விதிகளை. அந்த மன்றம் கிளினிக்குக்கு மேலே மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். பெரிய மேசையின் மேல் அட்டையில் மலையும் ஸ்பாஞ்சில் மரமும் வைத்து, கட்டைவிரல் உயரப் படைவீரர்களை அணிவகுக்கவைத்து, இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். கழுதை வயதில் பொம்மை விளையாட்டு என்று ஊர் அவர்களைப் பற்றிச் சொல்லிவந்தது. உறுப்பினர்கள் மூன்றே பேர்: தலைவர் டாக்டர்; எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசும் டிரைவிங் ஸ்கூல் நாச்சிமுத்து; எப்போதும் தோற்கிற தறி மெக்கானிக் மயில்சாமி. அவர்கள் பழைய புத்தகக் கடையில் வாங்கிய விதிப் புத்தகத்தில் மேசை விளிம்பைப் பற்றிய பக்கம் கிழிந்து போயிருந்ததால், அந்தப் பக்கத்தை அவர்களே சண்டை போட்டுச் சண்டை போட்டு உண்டாக்கியிருந்தார்கள். ஒரு யானையின் பின்பாதி மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விவகாரத்தில் டாக்டரும் நாச்சிமுத்துவும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரு தீபாவளியையே கழித்தவர்கள்.

அப்படிப் பிறந்த விதிகள் இப்போது ஊருக்கே விதிகளாயின. பொம்மை நிற்கும் அடித்தட்டில் பாதிக்குக் குறைவாக வெளியே இருந்தால் ஆள் உள்ளே என்று கணக்கு. திரும்பும்போது பின்பக்கத்தை வெளியே வீசலாம், நிற்கும்போது உள்ளே நிற்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு நாச்சிமுத்து டவுன் பஸ் டிரைவர்களுக்கு விளிம்பில் வண்டி திருப்பப் பாடம் நடத்தினார், பின்சீட்டுப் பயணிகள் ஒரு கணம் ஆகாயத்துக்கு மேல் போய்வந்து, கொடுத்த டிக்கெட் காசுக்குத் தகும் என்றார்கள். பயந்து ஓடி வெளியே போனவர் திரும்ப வர முடியாது. துரத்திக்கொண்டு வெளியே போனவர் அடுத்த முறை, அதாவது மறுநாள் சங்குக்கு, போன இடத்திலேயே திரும்பி வருவார். கவுன்சிலர் இவற்றை எடைமேடைச் சுவரில் பெயிண்ட்டில் எழுதவைத்தார். மேலே அவர் படமும் கீழே அவர் பெயரும் போட்டதில் கடைசி விதிக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. அது என்ன விதி என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

இனி மயில்சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் படை பகடையைக் கண்டாலே ஓடும். ஆனால் அந்த மன்றத்தில் பொம்மைகளுக்கு அவரைப் போல வர்ணம் தீட்ட ஆள் கிடையாது. குதிரைகளின் இமை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும். அவர் மனைவி பூங்கோதை பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், ஊசி முனை அளவு ஓட்டையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார், வீட்டிலும் அதே கண்தான். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். அதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்கிற பழக்கம் மட்டும் அந்த வீட்டில் இல்லை.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து கிளம்பி ஊரைக் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூங்கோதை இட்லிச் சட்டியைத் திறந்தபோது நடுக்குழி இட்லி நீல நிறமாக இருந்தது. முதல் நாள் மயில்சாமி தன் குதிரைப்படையை வர்ணம் உலர்வதற்காக இட்லித் தட்டில், குழிக்கு ஒரு குதிரை வீதம், நிறுத்தி வைத்திருந்தார். குழி வாகா இருந்துச்சு புள்ள என்று அவர் சொன்ன சமாதானம் எடுபடவில்லை. “ஒண்ணு இந்த வீட்ல அதுங்க இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும். எங்கயாச்சும் தொலைஞ்சு போங்க” என்றார் பூங்கோதை. குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மயில்சாமி சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி கிழக்கே ஓடியதைத் தெருவே பார்த்தது. டீக்கடையைத் தாண்டினார், எடைமேடையைத் தாண்டினார், விளிம்பையும் தாண்டினார். அவருடைய ஒரு ரப்பர் செருப்பு மட்டும் விளிம்பில், கிழக்கே பார்த்தபடி, கிடந்தது.

பின்னாலேயே வந்த பூங்கோதை அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது கிடந்த இடத்தில் கிழக்கே பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மறுநாள் சங்கு ஊதியது. மயில்சாமி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பெண்டாட்டி வாய்க்குப் பயந்து ஓடிட்டான் என்று ஊர் ஒரே நாளில் முடிவு கட்டியது. கிட்டுசாமி மட்டும், அவருக்கு முன்னால் ஏதோ வெள்ளையாகப் பறந்து போனதைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொக்காக இருக்கும் என்றார்கள் சிலர், பாலித்தீன் பையாக இருக்கும் என்றார்கள் சிலர், டீ மாஸ்டருக்குக் கண்ணில் புரை என்றார்கள் மற்றவர்கள்.

பூங்கோதை எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவில்லை என்பதற்கும் ஊர் பழகிக்கொண்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள், பந்தல்காரர் தலைக்கு மேல் நாலு கால் நட்டுக் கீற்றுப் போட்டார், பனியன் கம்பெனி முதலாளி கட்டுக் கட்டாகப் பனியன்களை விளிம்புக்கே அனுப்பிவைக்க, அவர் அங்கேயே ஆகாய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஓட்டை கண்டுபிடித்தார். கம்பெனி வெளிச்சத்தைவிட இது நல்ல வெளிச்சம் என்றும் சொன்னார். பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்குப் பூங்கோதை ஸ்டாப் என்று பெயர் வைத்தார். போட்டோ எடுக்க வந்த கல்யாணக் கோஷ்டிகள், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க அக்கா என்று கெஞ்சிப் பார்த்தன. கவுன்சிலர் மந்திரி வருகிறார் என்று பொய் சொல்லிப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: “நான் எந்திரிச்சா, அவர் ஓடிட்டார்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க.” காலையில் சங்கு ஊதுகிற நேரத்தில் முழங்காலில் என்னமோ இடிக்கிறது, எறும்பா பூச்சியா தெரியவில்லை, தட்டிவிடுகிறேன் என்று ஒருநாள் கிட்டுசாமியிடம் சொன்னார். கிட்டுசாமி எறும்புப் பவுடர் கொண்டுவந்து சுற்றிலும் தூவிவிட்டார்.

ஊர் கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றம் கூடியது. மயில்சாமி ஓடினாரா, துரத்தினாரா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். மாடி அறை கொள்ளாமல் கூட்டம் படிக்கட்டில் வழிந்து கிளினிக் நாற்காலி வரைக்கும் உட்கார்ந்திருந்தது. பசை டப்பா எடைமேடையாயிற்று, பென்சில் டீக்கடையாயிற்று. மயில்சாமியே வர்ணம் தீட்டிய ஒரு குதிரை வீரன் மயில்சாமியாக நின்றான். பூங்கோதைக்கு எந்தப் பொம்மையை வைப்பது என்று யோசித்துக் கடைசியில் ஒரு கோட்டையை வைத்தார்கள்.

“இதுல பேச என்ன இருக்குதுங்க?” என்றார் நாச்சிமுத்து. “துரத்திப் போயிருந்தா அடுத்த சங்குக்கே வந்திருக்கோணும். நாய் வந்துச்சில்ல? இவன் வரல. அப்ப ஓடிட்டான்னுதான் அர்த்தம். எனக்கும் அவன் சிநேகிதந்தான். ரூலு ரூலுதானுங்க.”

டாக்டர் தோற்கப் போகிற ஆட்டத்தையும் கடைசி நகர்வு வரைக்கும் ஆடிப் பார்க்கிற மனுஷர். “இருங்க, துரத்தினதாவே வெச்சுக்குவோம். அடுத்த முறை வந்திருச்சு. அவன் போன இடத்துலயே வரோணும்” என்று சொல்லிக்கொண்டு, மேசைக்கு வெளியே இருந்த குதிரை வீரனை எடுத்து விளிம்பில், போன இடத்தில், கொண்டுவந்து வைக்கப் போனார். வைக்க முடியவில்லை. அந்த இடத்தில் கோட்டை இருந்தது.

கையில் குதிரை வீரனோடு அவர் அப்படியே நின்றார். நாச்சிமுத்து மேசையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், மறுபடி மேசையைப் பார்த்தார். திரும்பி வருகிறவர் வரும் இடத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது, இருந்தால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும் என்ற கடைசி விதி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. காலியாகக் கிடக்கும் மேசை விளிம்பில் போய் யார் நிற்கப் போகிறார்கள் என்று அவர்கள் ஒரு ஆட்டத்தில்கூட அதைத் தொட்டதில்லை. இன்றைக்கு அந்த விதி எடைமேடைச் சுவரில் இருக்கிறது. அதற்காகக் கவுன்சிலர் தன் படத்தில் ஒரு தோளை விட்டுக்கொடுத்தார்.

“காத்துக்கிட்டு உக்காந்தே அவனை வர விடாம பண்ணீட்டு இருக்குது அந்தப் புள்ள” என்றார் டாக்டர்.

யார் போய்ச் சொல்வது என்ற கேள்விக்குப் படிக்கட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நகரச் சொல்லிப் போன அத்தனை பேரும் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருந்தார்கள். கடைசியில், ஓடிட்டான் என்று சாதித்தவன் நானல்லவா என்று நாச்சிமுத்து தானே எழுந்தார். விளிம்புக்குப் போய், செருப்பை எடைமேடை ஓரமாகக் கழற்றிவிட்டு, பூங்கோதைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். முழங்காலில் இடித்தது என்ன என்பதையும் சொன்னார்.

பூங்கோதை கையிலிருந்த பனியனை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

“எவ்வளவு நவுரோணுங்கண்ணா?”

“ஒரு சாண் போதும் அம்மிணி. அவன் நிக்கற அளவுக்கு.”

“நான் நவுந்து, அப்பவும் அவர் வரலைன்னா?”

அந்தக் கேள்விக்குள்தான் இத்தனை நாளும் பூங்கோதை உட்கார்ந்திருந்தார் என்பது நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் மயில்சாமி ஓடினவரும் இல்லை, போனவரும் இல்லை. ஒரு சாண் நகர்ந்தால் ஏதாவது ஒன்றாகிவிடுவார்.

“வரலைன்னா நானும் ஒக்காந்துக்கறேன்” என்றார் நாச்சிமுத்து. அது எந்த விதியிலும் இல்லாத பேச்சு.

மறுநாள் விடியும்போது ஊரே விளிம்பில் நின்றது. எருமைகளைக்கூட ஓரம்கட்டியிருந்தார்கள். கிட்டுசாமி எறும்புப் பவுடரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, யாரும் கேட்காமலே எல்லோருக்கும் டீ கொடுத்தார். டாக்டர் இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், அளப்பதற்கு ஒன்றும் இல்லை, கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. சங்கு ஊத ஆரம்பித்தது. ஆரம்பித்த பிறகும் பூங்கோதை நகரவில்லை. அது ஏறி, உச்சிக்குப் போய், இறங்கப் போகிற நேரத்தில், மடியிலிருந்த செருப்பை எடுத்து அது முன்பு கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது செருப்புக்குள் ஒரு கால் இருந்தது.

மயில்சாமி சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நின்றார். மறு கையில் இட்லித் துணி இருந்தது. கொடியில் காயப் போட்டிருந்த துணிதான், ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு போனது. ஊர் மொத்தமும் கொக்கு, பாலித்தீன் பை எல்லாவற்றையும் மறந்து கிட்டுசாமியைத் திரும்பிப் பார்த்தது. கிட்டுசாமி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“டெய்லி காலையில வாறேன், இடமில்லாம திரும்பிப் போறேன்” என்றார் மயில்சாமி. “நாலு தடவை முட்டியில தட்டிக்கூடப் பாத்தேன்.”

பூங்கோதை எழுந்து அவருக்கு எதிரே நின்றார். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது, அதைத் துடைக்கவில்லை.

“ஏனுங்க, ஓடினீங்களா, தொரத்தினீங்களா? நெசத்தைச் சொல்லுங்க.”

மயில்சாமி யோசித்தார். பொய் சொல்வதற்கு நல்ல நேரம், துணியும் கையில் இருந்தது.

“மொதல்ல ஓடினேன் புள்ள. டீக்கடை வரைக்கும் ஓடத்தான் செஞ்சேன். அப்பறம் துணி முன்னால பறந்து போச்சு. இதையும் விட்டுட்டா நீ சங்கடப்படுவியேன்னு தொரத்தினேன்.”

பாதி ஓடிப் பாதி துரத்தியவருக்கு என்ன விதி என்று கேட்க நாச்சிமுத்து வாயைத் திறந்தார். டாக்டர் அவர் காலை மிதித்தார்.

பூங்கோதை துணியை வாங்கி, பழக்கதோஷத்தில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை இருந்தது. ஒன்றும் சொல்லாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “வாங்க, வீட்டுக்குப் போலாம்” என்றார்.

இரண்டு பேரும் மேற்கே நடந்தார்கள், ஊர் பின்னால் நடந்தது. ரோட்டில் பாதி தூரம் வந்ததும், போஸ்ட் ஆபீஸுக்கு எதிரே, மயில்சாமி நின்றுவிட்டார். திரும்பி வந்த முறையில் பாதி தூரம்தான் நகரலாம் என்பது மன்றத்து மேசை விதி, மீதியை நாளைக் காலை சங்குக்குப் பிறகுதான் நடக்க முடியும் என்றார். வந்த முறையில் நான் யாரையும் தாக்கவும் கூடாது என்று சேர்த்துக்கொண்டார். என்னை மற்றவர்கள் தாக்கலாமா என்றும் டாக்டரைப் பார்த்து அவரே கேட்டார். தாராளமாக என்றார் டாக்டர்.

பூங்கோதை அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து ஊர் ஒரு அடி பின்வாங்கியது. அவர் வீட்டுக்குப் போனார், பக்கத்து வீட்டில் மாவு வாங்கினார், ஓட்டைத் துணியைத் தட்டில் விரித்து ஊற்றினார், சட்டியோடு திரும்பி வந்து நடுரோட்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து மூடியைத் திறந்தார். டவுன் பஸ் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. தட்டை எவ்வளவு தேய்த்தும் வர்ணம் முழுசாகப் போகாததால் நடுக்குழி இட்லி இன்னும் கொஞ்சம் நீலமாகத்தான் இருந்தது, பூங்கோதை அதைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.